பதிலின் நகல்

பிப்ரவரி 3

தம்பி,

போன் செய்யாதே, எடுக்க மாட்டேன். போனில் நீ குறுக்கே பேசுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. ஆபீஸ் மெயிலும் வேண்டாம். அதை யார் யார் படிக்கிறார்கள் என்று என்னைவிட உனக்குத் தெரியும்.

விசாரணைக் கடிதம் வந்துவிட்டது, முடியும் வரை வேலைக்கு வர வேண்டாம் என்று. ஒரே பக்கம். பார்சல் கிடங்கில், பெல்ட்டிலிருந்து பெட்டிகளை ஓரத்துக்குத் தள்ளும் புஷரை இயக்குகிற ப்ரோக்ராமை எழுதியது நான். ஒரு பெட்டிக்கு ஒரு முறை தள்ள வேண்டிய புஷர் அன்று இரண்டாம் முறையும் வந்தது. நடுவில் லோடர் மைனாவின் கை இருந்தது. காரணம் என்று எழுதியிருக்கிறார்கள்: "புஷரிடமிருந்து பதில் வந்த பின்னும் ப்ரோக்ராம் மறுபடி கட்டளை அனுப்பியுள்ளது." ஆதாரம், நெட்வொர்க் பிரிவு கொடுத்த பதிவு. கீழே உன் கையெழுத்து. 'அ'வின் சுழி வழக்கம்போல அவசரமாக.

பதில் வந்துவிட்டால் என் ப்ரோக்ராம் மறுபடி அனுப்பாது. எழுதியவள் நான். சர்வரில் இருந்த என் பதிவைக் காட்டலாம் என்றால், அன்றைய பதற்றத்தில் யாரோ சர்வரை அணைத்து மறுபடி போட்டதில் எல்லாம் அழிந்துவிட்டது. மிச்சம் உன்னுடையது மட்டும்.

ஆகவே உன்னுடையதைப் பற்றிப் பேசுவோம்.

மிரர் போர்ட் வைத்துத்தான் பிடித்திருப்பாய். கேபிள்கள் எல்லாம் வந்து சேரும் ஸ்விட்ச்சில் ஓடுவதை நகல் எடுத்து இன்னொரு போர்ட்டில் கொட்டச் சொல்லியிருப்பாய். உள்ளே வருவதையா, வெளியே போவதையா, இரண்டையுமா? இரண்டையும் என்றால், ஒரே செய்திப் பாக்கெட்டுக்கு நுழையும்போது ஒரு நகல், வெளியேறும்போது ஒரு நகல். நான் அனுப்பியது ஒன்று, நீ பார்த்தது இரண்டு. கண்ணாடி முன்னால் ஒருத்தி நின்றால் இரண்டு பேர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவாயா?

போய்ப் பார். பார்த்துவிட்டு எழுது.

வேலை போவதைப் பற்றி இல்லை. அது போகட்டும். மைனாவின் கையை நசுக்கியது நான் எழுதிய வரிதானா? எனக்கு அது தெரிய வேண்டும். பல் தேய்க்கும்போதும் அதே கேள்வி. உன் பதிவைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் அதற்குப் பதில் சொல்லாது.

கையெழுத்துப் போடும் முன் ஒரு வார்த்தை என்னிடம் கேட்டிருக்கலாம். உன் மேஜைக்கும் என் மேஜைக்கும் நடுவில் ஒரு தண்ணீர் கேன்தான் இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 8

அக்கா,

கேட்டிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நாம் எப்போது கடைசியாகப் பேசினோம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இருக்கிறது. போன வருடக் கூட்டத்தில் நான் வெள்ளைப் பலகையில் வரைந்த நெட்வொர்க் படத்தை எல்லோர் முன்னாலும் உன் உள்ளங்கையால் அழித்துவிட்டு, "இவன் எப்பவுமே அரைகுறை, நான் வரையறேன்" என்றாய். சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அன்றிலிருந்து ஆபீஸில் எனக்குப் பெயர் அக்காத்தம்பி. டீக்கடைக்காரர் வரைக்கும் தெரியும். "அக்காத்தம்பிக்கு சர்க்கரை கம்மி."

எனவே தண்ணீர் கேனைத் தாண்டவில்லை. தாண்டக்கூடாது என்று ஏசியும் சொன்னார். நம் மேனேஜரைப் பற்றி உனக்குத் தெரியும், குரலை உயர்த்தவே மாட்டார், ஆனால் அறைக்குள் நுழைந்தால் சில்லென்று இருக்கும், நாம் வைத்த பெயருக்கு ஏற்றபடி. "நீங்க பார்த்தத மட்டும் எழுதுங்க தம்பி. யாரு எவருன்னு யோசிக்காதீங்க" என்றார். பார்த்ததை எழுதினேன். கட்டளை, பதில், மறுபடி கட்டளை. கண்ணால் பார்த்ததை இல்லை என்று எழுத நான் என்ன மந்திரவாதியா?

மிரர் வைக்கச் சொன்னதும் நீதான், மறந்துவிடாதே. புதுக் கேமராக்கள் வந்ததிலிருந்து புஷரின் பதில்கள் தாமதமாக வருகின்றன என்று ஏசிக்குப் புகார் எழுதினாய். எனக்கு இல்லை, ஏசிக்கு. அவர் என்னைப் பார்க்கச் சொன்னார். பார்க்க ஆரம்பித்த அதே வாரம் இது நடந்துவிட்டது.

மிரர் போர்ட்டைப் பற்றி நீ எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அப்பனுக்கே புத்தி சொன்ன கதையாக இருக்கிறது. இருந்தாலும் பார்க்கிறேன். சனிக்கிழமை பெல்ட் ஓடாது.

நான் எழுதிக்கொண்டிருப்பதை அம்மா பார்த்துவிட்டாள்.

"யாருக்கு? அக்காவுக்கா? ஒரே ஊர்ல இருந்துக்கிட்டு தபால்காரனுக்கு வேலை வெக்கிறீங்க. பெத்தது ரெண்டு. ஒண்ணு ஊமை, ஒண்ணு செவிடு."

"யாரும்மா ஊமை, யாரு செவிடு?"

"அதத்தான் முறை வெச்சு மாத்திக்கிறீங்களே."

உன்னைச் சாப்பிட வரச் சொன்னாள். நான் இல்லாத நேரம் எது என்று கேட்பாய். வியாழக்கிழமை தாமதமாக வருவேன்.

தம்பி


பிப்ரவரி 12

தம்பி,

வியாழன் போகப் போவதில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

பலகையை அழித்தேன். சரி. அந்தப் படம் தப்பாக இருந்தது. அதுவும் சரி.

சனிக்கிழமை நீ பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் அனுப்பிய கம்ப்யூட்டர் ஒரு எண் போடும். அடுத்த பாக்கெட்டுக்கு அடுத்த எண். மிரர் எடுக்கும் நகலில் அந்த எண்ணும் அப்படியே இருக்கும். ஆக, உன் பதிவில் இருக்கும் இரண்டு கட்டளைகளுக்கும் ஒரே எண் என்றால் அது ஒரே கட்டளை, கண்ணாடி இரட்டித்தது. வேறு வேறு எண் என்றால் ப்ரோக்ராம் உண்மையாகவே இரண்டு முறை சொல்லியிருக்கிறது.

வேறு எதையும் பார்க்காதே. அபிப்பிராயம் எழுதாதே. எண்கள் மட்டும்.

நேற்று மைனாவின் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, படிக்கட்டில் யாரோ சைக்கிளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். அவர் மனைவி கதவைத் திறந்தார்.

"நீங்க?"

"கிடங்குல... புஷர் ப்ரோக்ராம் எழுதினவ."

உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. என் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்கவே இல்லை. பிறகு, "அவரு தூங்குறாரு" என்றார். உள்ளே அவர் ரேடியோவின் பாட்டைத் திருத்திச் சீட்டியடிப்பது கேட்டது. அந்தச் சீட்டிக்காகத்தானே அவருக்கு மைனா என்று பெயர்.

படி இறங்கினேன்.

எண்கள் மட்டும்.

அக்கா


பிப்ரவரி 17

அக்கா,

பார்த்தேன். நீ சொன்னதுதான் சரி. மிரர் இரண்டு பக்கமும் வைக்கப்பட்டிருந்தது. எண் ஒன்றுதான். கட்டளை ஒரு முறைதான் போயிருக்கிறது.

ஏசியிடம் நேற்றே எழுதிக் கொடுத்துவிட்டேன், பதிவு நம்பத் தகுந்தது இல்லை என்று.

நீ ஒன்றும் செய்யவில்லை. தூங்கு.

தம்பி


பிப்ரவரி 20

தம்பி,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது. பிறகு நன்றாகச் சாப்பிட்டேன். பகலிலேயே தூங்கிப்போனேன்.

எழுந்ததும் மறுபடி படித்தேன்.

முதலாவது: உன் வாழ்நாளில் நீ "நீ சொன்னதுதான் சரி" என்று எழுதியதில்லை. சொன்னதுமில்லை. ஆறாம் வகுப்பில் கணக்கு விடைத்தாளைக் காட்டியபோதுகூட ஆசிரியர் தப்பாகத் திருத்திவிட்டார் என்றுதான் சொன்னாய்.

இரண்டாவது: எண்களை மட்டும் எழுது என்றேன். எண்ணைத் தவிர மற்ற எல்லாம் எழுதியிருக்கிறாய்.

மூன்றாவது இன்று. மறுபடி மைனா வீட்டுக்குப் போனேன். இந்த முறை அவரே கதவைத் திறந்தார், இடது கையால். உட்காரச் சொன்னார். டீ வந்தது. அன்று என்ன நடந்தது என்று கேட்டேன்.

"எத்தன பேர்கிட்டம்மா சொல்றது? மொதல்ல தள்ளுச்சு. திரும்பிப் போச்சு. ஓரத்துல பெட்டி சிக்கிக்கிச்சு, எப்பவும் சிக்கும், எப்பவும் எடுப்போம். கைய வெச்சேன். மறுபடியும் வந்துச்சு."

"ரெண்டு தடவ வந்தது நிச்சயமா?"

அவர் கட்டுப் போட்ட கையைச் சற்றே தூக்கிக் காட்டினார். "இல்லீங்க, கனவு கண்டேன்."

அவர் மனைவி சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தெரியவில்லை.

புஷர் இரண்டு முறை நகர்ந்திருக்கிறது, தம்பி. மிரர் எடுத்த நகல் உன் கம்ப்யூட்டருக்கு வரும். அது எந்தப் பெட்டியையும் தள்ளாது, யார் கையையும் நசுக்காது. கட்டளை ஒரு முறைதான் போனது என்றால் புஷரை இரண்டாம் முறை தள்ளச் சொன்னது யார்? இது எனக்கே இன்றுதான் உறைத்தது. உனக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.

எண்களை எழுது.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

40117. 40118.

போதுமா?

நான் உள்ளே வருவதை மட்டும்தான் நகல் எடுத்தேன். இரட்டிக்க வழியே இல்லை. நான் அரைகுறைதான், ஆனால் அந்த அளவுக்கு இல்லை. ப்ரோக்ராம் இரண்டு முறை சொல்லியிருக்கிறது. நடுவில் புஷரின் பதிலும் இருக்கிறது. நான் முதலில் எழுதிக் கொடுத்தது உண்மை. இரண்டாவது எழுதிக் கொடுத்ததுதான் பொய்.

ஏன் என்று கேட்காதே. "பல் தேய்க்கும்போதும்" என்று எழுதினாயே, அந்த வரியால்தான். உன்னை எனக்குப் பிடிக்கவில்லை என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த வரியைப் படித்தபோது அது இன்னும் கொஞ்சம் சிக்கலானது என்று தெரிந்தது. என் மிரர் தப்பு என்று ஒரு தாளில் எழுதினால் உன் தலையிலிருந்து இறங்கும், என் தலையில் ஒரு திட்டு விழும், அவ்வளவுதான் என்று கணக்குப் போட்டேன்.

ஏசி என்னைத் திட்டவில்லை. அதுதான் முதலில் பயமாக இருந்தது. தாளை இரண்டு முறை படித்தார். எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"ரொம்ப நல்லது தம்பி. அப்ப மெஷின் சரியாத்தான் ஓடியிருக்கு."

"அப்படி எழுதலீங்க சார். பதிவு தப்புன்னுதான்..."

"அதேதான். மெஷின் ரெண்டு தடவ தள்ளுச்சுங்கிறதுக்கு இப்ப என்ன ஆதாரம்? ஒண்ணும் இல்ல. ஓடுற மெஷின்ல ஒரு ஆளு கவனமில்லாம கைய விட்டிருக்காரு. பாவம்தான். என்ன செய்ய?"

புரிகிறதா? மைனாவின் பேருக்குப் புது விசாரணைக் கடிதம் தயாராகிறது. அவர் கவனக்குறைவு. சிகிச்சைக்கு இனி கம்பெனி பொறுப்பில்லை. உன்னை அடுத்த வாரம் திரும்பக் கூப்பிடுவார்கள், அநேகமாக ஒரு பூங்கொத்தோடு.

உன்னைக் காப்பாற்றப் போய் அவரைத் தள்ளிவிட்டேன். இதை யாரிடம் சொல்வது?

உனக்கு ஒரே ஒருமுறை நல்லது செய்யப் பார்த்தேன். அதையும் அழித்து நீயே வரைகிறாய்.

தம்பி


மார்ச் 1

தம்பி,

பொய் சொன்னதற்கு உன்மேல் கோபம் இருக்கிறது. அதைத் தனியாக வைத்துக்கொள்கிறேன். இப்போது நேரமில்லை.

40117. 40118. ஆக, என் வரிதான். தெரிந்துவிட்டது. தெரிந்தால் இலேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை.

இனி என் பங்கு.

புஷரிடமிருந்து அரை வினாடிக்குள் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு என்று எழுதியிருந்தேன். கட்டளை வழியில் தொலைந்திருந்தால் பெட்டி தப்பிப் போய்விடுமே என்று. பதில் மட்டும் தொலைந்திருந்தால் என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. ஏனென்றால் நான் எழுதிய கட்டளை "தள்ளு". "தள்ளிய நிலைக்குப் போ, இந்தப் பெட்டிக்காக" என்று எழுதியிருக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு அதை நூறு முறை சொன்னாலும் புஷர் ஒரு முறைதான் நகரும். "தள்ளு" என்றால் சொன்ன ஒவ்வொரு முறையும் தள்ளும். பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே படித்த விஷயம். தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினேன்.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. ப்ரோக்ராம் மறுபடி அனுப்பியது என்றால் சர்வருக்குப் பதில் வரவில்லை. உன் பதிவில் பதில் இருக்கிறது. புஷர் பதில் சொன்னது, அதன் நகல் உன்னிடம் வந்தது, அசல் என்னிடம் வரவில்லை. ஸ்விட்ச் வரைக்கும் இரண்டும் ஒன்றுதானே. அதற்கப்புறம் எங்கே என்ன ஆயிற்று?

சர்வர் மாடியில். புஷர் கீழே கிடங்கில். நடுவில் ஒரே கேபிள்.

பதிவு பிடித்த கம்ப்யூட்டரை எங்கே வைத்திருந்தாய்? கிடங்கில், ஸ்விட்ச் பக்கத்தில்தானே?

அக்கா


மார்ச் 5

அக்கா,

மாடியில்.

கிடங்கில் கதவுகள் எப்போதும் திறந்தே இருக்கும். காற்று எலும்புக்குள் போகும். நாற்காலி கிடையாது. நகல்களை மாடிக்கு வரவழைத்து என் மேஜையில் உட்கார்ந்தே பார்க்க ஸ்விட்ச்சில் வசதி இருக்கிறது. எல்லோரும் செய்வதுதான்.

உன் கடிதத்தைப் படித்த உடனே புரிந்துவிட்டது. படித்து முடிக்காமலே. கிடங்கின் எல்லாப் போர்ட்களையும் மிரர் செய்திருந்தேன், கேமராக்களையும் சேர்த்து. கேமராப் படங்கள் எப்போதும் அந்தக் கேபிளில்தான் மாடிக்கு ஏறும். அவற்றின் நகல்களும் அதே கேபிளில் ஏறின. கேபிள் நிரம்பினால் ஸ்விட்ச் கையில் கிடைத்ததைக் கீழே போடும். அன்று அது போட்டது புஷர் உனக்கு அனுப்பிய பதிலை. நகல் தப்பித்துவிட்டது.

ஞாயிறு காலியான பெல்ட்டில் ஓட்டிப் பார்த்தேன். மிரரை நிறுத்தினால் எல்லாப் பதிலும் வருகிறது. போட்டால் இடையிடையே காணாமல் போகிறது. காணாமல் போகிறபோதெல்லாம் புஷர் இன்னொரு முறை வருகிறது. வெறும் காற்றைத் தள்ளிவிட்டுத் திரும்பிப் போகிறது. நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

யாரிடமும் சொல்லவில்லை.

தம்பி


மார்ச் 9

தம்பி,

மைனாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்களுக்குக் கம்பெனியின் புதுக் கடிதம் வந்திருந்தது. மேஜைமேல் கிடந்தது, அதன்மேல் மருந்துப் பாட்டில். பெட்டியை எடுக்கத் தாமதித்தால் மேஸ்திரி திட்டுவார் என்று அவர் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தார், கவனக்குறைவு என்ற சொல்லுக்கு அதுதான் பதில் என்பதுபோல. அதுதான் பதிலும்.

என் வரியைச் சொன்னேன். உன் நகல்களைச் சொன்னேன். பாத்திரத்தில் ஒரு குழாய்த் தண்ணீர் விழும் அளவுக்குத்தான் இடம், இரண்டைத் திறந்துவிட்டோம் என்று சொல்லிப் பார்த்தேன். மைனாவுக்கு உவமை தேவைப்படவில்லை.

"உங்க தம்பி இந்த மாதிரி நகல் எடுக்கிறாருன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"பதில் வரலன்னா மறுபடி தள்ளும்னு அவருக்கு?"

"தெரியாது."

"ஏன்?"

நான் மருந்துப் பாட்டிலை நகர்த்திக் கடிதத்தை எடுத்தேன்.

"ஆபீஸ் பூரா பேசிக்கிறாங்களே, அக்காவும் தம்பியும் பேச்சுவார்த்தை இல்லன்னு. நாங்க கீழ சொல்லிச் சிரிப்போம்." இடது கையால் கட்டைத் தடவினார். "அப்ப நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தா எனக்கு விரல் இருந்திருக்கும்."

கோபமாகச் சொல்லவில்லை. விலை விசாரிப்பதுபோல் சொன்னார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. என் வாக்குமூலத்தை எழுதிவிட்டேன். என் வரிக்கு என் பெயர். அதற்குக் கீழே ஒரு வாக்கியம்: "அச்சமயம் மிரர் போர்ட்டின் நகல்கள் அதே கேபிளில் அனுப்பப்பட்டதால் புஷரின் பதில் சர்வரை அடையவில்லை." அனுப்பப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறேன். யாரால் என்று எழுதவில்லை.

யாரால் என்று அவர்கள் கேட்பார்கள். நான் சொல்ல மாட்டேன். நீ அறையில் இருப்பாய்.

அக்கா


மார்ச் 18

அக்கா,

வெள்ளிக்கிழமையிலிருந்து எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

கேட்டார்கள். எழுதியிருந்தபடியே நீ பெயரைச் சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஏசி என்னைப் பார்த்தார். நான் மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரைப் பார்த்தேன். அது எவ்வளவு நேரம் என்று உனக்கும் தெரியும். பிறகு அவர், "சரி, நெட்வொர்க்ல ஏதோ தற்காலிகக் கோளாறுன்னு பதிவு பண்ணிக்கலாம்" என்றார். முடிந்துவிட்டது.

நீ என்ன நினைக்கிறாய் என்று தெரியும். நான் நினைப்பதையும் கேள். இரண்டு பேருக்கும் வேலை போனால் அம்மாவின் நிலை என்ன? அதைவிட, பெயரை எழுதாமல் விட்டது நீ. பெருந்தன்மையாக விட்டாய். எல்லோர் முன்னாலும் நானாக எழுந்து நின்று என் தப்பை நானே அழித்து நானே வரைய வேண்டும் என்று இடம் விட்டு வைத்தாய். அது பெருந்தன்மையா, பொறியா? அக்கா கொடுத்த இடத்தில் போய் நிற்க எனக்கு முடியவில்லை. வேறு யார் கேட்டிருந்தாலும் எழுந்திருப்பேனோ என்னவோ. இதைப் படித்து நீ சிரிப்பாய்.

மைனாவின்மேல் இருந்த குற்றச்சாட்டு எடுக்கப்பட்டுவிட்டது. சிகிச்சை கம்பெனியுடையது. உன் வாக்குமூலத்தால்தான். அவர் என்னை வாசலில் பார்த்தார், தலையாட்டினார். சீட்டி அடிக்கவில்லை.

உன் வேலை போன செய்தி வந்திருக்கும்.

இது தெரியுமா என்று தெரியவில்லை: உன் ப்ரோக்ராமை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். உன் மேஜையையும். வேண்டாம் என்றேன். "வேற யாருக்கு அது புரியும்? அக்காத்தம்பிதானே" என்றார் ஏசி. முதல் தடவையாக அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தார்.

விபத்துக்குப் பிறகு நிறுத்தி வைத்திருந்த புஷரைத் திங்கட்கிழமை மறுபடி ஓட்டப் போகிறார்கள். அதன் பக்கத்தில் புது லோடர் நிற்பார். எனக்கு நெட்வொர்க் தெரியும். இது தெரியாது. அரை வினாடியை மாற்றினால் போதுமா? அந்த வரியை எடுத்துவிடலாமா? எடுத்தால் பெட்டிகள் தப்புகின்றன, ஏசி ஒத்துக்கொள்ள மாட்டார். விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

கேட்க எனக்கு முகம் இல்லை. ஆனாலும் கேட்கிறேன். என்ன செய்வது?

தம்பி


மார்ச் 20

நேரத்தை மாற்றாதே. ஒரு வினாடி ஆக்கினாலும் இரண்டு ஆக்கினாலும் அதே தப்பு தாமதமாக நடக்கும்.

வரியை எடுக்கவும் எடுக்காதே. கட்டளையை மாற்று. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு எண் கொடு, கட்டளையோடு அந்த எண்ணையும் அனுப்பு. புஷரின் கட்டுப்பாட்டுப் பெட்டியில் கடைசியாகத் தள்ளிய எண்ணை நினைவில் வைக்கச் சொல். அதே எண் மறுபடி வந்தால் நகராமல் பதிலை மட்டும் மறுபடி சொல்லட்டும். பெட்டியும் தப்பாது. ஏசிக்கும் குறை இருக்காது.

மூன்று முறை கேட்டும் பதில் இல்லையென்றால் பெல்ட் நிற்க வேண்டும். அதற்கு ஏசி ஒத்துக்கொள்ள மாட்டார். அவரிடம் கேட்காதே, எழுதிவிடு.

ஓரத்தில் பெட்டி சிக்குவது ப்ரோக்ராமால் அல்ல. தகடு வளைந்திருக்கிறது. பல மாதமாக அப்படித்தான். மாடியிலிருந்து யாருக்கும் தெரியாது. எனக்கும் மைனா சொல்லித்தான் தெரியும். அதை நிமிர்த்தச் சொல். கை வைக்கும் அவசியமே போகும்.

மிரர் போடுவதானால் கம்ப்யூட்டரைக் கீழே கொண்டுபோய் ஸ்விட்ச்சிலேயே சொருகு. கேமராக்களை விட்டுவிடு, புஷரின் போர்ட் மட்டும் போதும்.

நீ கேட்ட மற்றது: பெருந்தன்மையா, பொறியா? இரண்டும். நீ சொன்னபிறகுதான் எனக்குத் தெரிந்தது. அதற்காக உன்னை மன்னிக்கப் போவதில்லை. நீயும் என்னை மன்னிக்க வேண்டாம். இனி எழுதவும் வேண்டாம்.

திங்கட்கிழமைக்கு முன் சோதித்துப் பார். பதில் வரும் கேபிளைக் கையால் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகிப் பார். முதலில் காலி பெல்ட்டில். பிறகு ஒரு அட்டைப் பெட்டியைச் சிக்க வைத்து. அது நசுங்காமல் கிடந்தால், துணி திணித்த ஒரு கையுறையை வைத்து. நாள் முழுக்க.

எல்லாம் சரியாக இருந்தால், புது லோடரை உள்ளே விடும் முன் வேறு யாரையாவது கேபிளைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, நீ போய் உன் கையை வை. முதன்முதலில் ஓட்டியபோது நான் அதைச் செய்யவில்லை.

வலது கையை.